இரண்டு குட்டை, ஒரு நீளம்

பக்தவத்சலம் ஹார்னை இரண்டு முறை குட்டையாக அடிக்கிறார். உடனே முகாமில் கூடாரம் கூடாரமாக விளக்குகள் அணைகின்றன. சமையல் கொட்டகையில் அரிசி களையும் ராஞ்சிக்காரர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஸ்விட்சைத் தட்டுகிறார். ஓவர்சியர் பரமசிவம் பேனாவை மூடிவைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்துகொள்கிறார். கம்பத்து விளக்கு மட்டும் எரிகிறது. பக்தவத்சலம் ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்கி, வண்டியைச் சுற்றிவந்து, பின்பக்கப் படியேறி, கெட்டிலின் பிளக்கைச் செருகுகிறார். கம்பத்து விளக்கு சோர்ந்து மஞ்சளாகிறது. காட்டோரத்தில் ஜெனரேட்டர் முக்கி முனகுகிறது.

தீவில் ரங்கத் ஊருக்கு வடக்கே காட்டை வெட்டிச் சாலை போடும் இந்த முகாமில் இதற்குக் ‘கெட்டில் நேரம்’ என்று பெயர். தண்ணீர் கொதித்ததும் பக்தவத்சலம் மறுபடி இறங்கி, மறுபடி சுற்றிவந்து, ஹார்னை நீளமாக ஒருமுறை அழுத்துவார். அதன் பிறகுதான் மற்றவர்களுக்கு வெளிச்சம். ஒரு மனிதர் டீ குடிப்பதற்காக ஒரு முகாமே இருட்டில் குந்தியிருப்பது எங்கும் காணாத கூத்துதான். ஆனால் இங்கே ஒருவரும் முணுமுணுப்பதில்லை. புதிதாக வந்த ஜெனரேட்டர் ஆபரேட்டர் முத்துமணிக்கு முதலில் விளங்காமல் போனது அந்த மௌனம்தான்.

வண்டி, சர்வே வேலைக்காக ஒரு பழைய லாரியின் முதுகில் பலகை அறை கட்டியது. உள்ளே இரண்டு படுக்கை, வரைபடம் விரிக்க ஒரு மேசை, ஒரு சன்னல். அறைக்கும் ஓட்டுநர் இருக்கைக்கும் நடுவே கை நுழையும் அளவுக்கு ஒரு திறப்பு. எங்கே நிறுத்தினாலும் ஜெனரேட்டரிலிருந்து ஒரு ஒயரை இழுத்து மாட்டிவிட்டால் அது வீடாகிவிடும். கெட்டில், சாத்தம் ஜெட்டியில் ஒரு கப்பல் சமையல்காரரிடம் வாங்கியது. பார்க்கப் பளபளப்பு, ஆனால் யானைப்பசி. எல்லா விளக்கும் எரியும்போது அதைப் போட்டால் பியூஸ் போய்விடும்.

பக்தவத்சலத்துக்கு ஆற்காட்டுப் பக்கம். காக்கி அரைக்கால் சட்டை, காதில் செருகிய பீடி. மாதக்கணக்கில் ஓடாத வண்டியின் ஸ்டீயரிங்கைத் தினமும் காலையில் துடைப்பார். மனிதர்களோடு தமிழ், வண்டியோடு இந்தி. “அரே, சல் பேட்டா, சல்” என்று டயரைத் தட்டிக்கொடுப்பதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். காலில் ஏறும் அட்டையைக்கூட ஒரு வார்த்தை திட்டிவிட்டுத்தான் பிடுங்கிப் போடுவார். வண்டியின் பின்கதவை மட்டும் மழையானாலும் தாழ்ப்பாள் போடமாட்டார். இரண்டு படுக்கையில் ஒன்று எப்போதும் சுருட்டியே கிடக்கும். அதன்மேல் ஒரு துண்டைக்கூட அவர் போட்டு முத்துமணி பார்த்ததில்லை.

வந்த புதிதில் அவன் கேட்டே விட்டான். “விறகுக்கா பஞ்சம் இந்தக் காட்டுல? அடுப்புல வச்சா கொதிக்காதாண்ணே?”

“கொதிக்கும். அடுப்புல வச்சா கம்பத்து பத்தி கண்ண சிமிட்டுமா?” என்றார் அவர். இந்தியில் பத்தி என்றால் விளக்கு. தீவில் தமிழர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

“அது எதுக்குண்ணே சிமிட்டணும்?”

“அவன் பாக்கணும் இல்ல.”

மிச்சத்தைப் பரமசிவம்தான் சொன்னார். இரண்டாவது படுக்கைக்காரன் இராமகிருஷ்ணன், லைன்மேன். அவனும் பக்தவத்சலமும் பல வருஷம் அந்த வண்டியில் ஒன்றாகக் குடியிருந்தவர்கள். கெட்டில் அவன் பொறுப்பு, ஹார்ன் இவர் பொறுப்பு. இவர் இரண்டு குட்டை அடித்ததும் அவன் பிளக்கைச் செருகுவான். விளக்கு மஞ்சளாகி மறுபடி வெளுத்தால் தண்ணீர் கொதித்து அவன் பிளக்கைப் பிடுங்கிவிட்டான் என்று அர்த்தம். இவர் நீளமாக அடிப்பார். அடித்த கையோடு, திரும்பிக்கூடப் பார்க்காமல், அந்தத் திறப்புக்குள் கையை நீட்டுவார். டம்ளர் வந்து கையில் உட்காரும்.

ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் இராமகிருஷ்ணன் ஓடைக்கு அப்பால் பிரம்பு வெட்டப் போனான். வண்டியின் இருக்கை பிய்ந்திருந்தது, அதைப் பின்னத்தான். அவன் திரும்பும்போது சூடாக டீ இருக்கட்டும் என்று பக்தவத்சலம் அன்றைக்குத் தானே கெட்டிலைப் போட்டார். ஹார்ன் அடிக்க மறந்துவிட்டார். பியூஸ் போனது. கம்பத்து விளக்கோடு சேர்ந்து முகாமே அவிந்தது. மழை வேறு. பழைய ஆபரேட்டர் தடவித் தடவி பியூஸ் போட்டு முடிப்பதற்குள் காடு முழுக்க இருண்டுவிட்டது. அந்த வெளிச்சத்தைக் குறிவைத்து நடந்துவந்தவன் எந்தப் பக்கம் திரும்பினானோ. போலீசும் வனக்காவலர்களும் தேடினார்கள். ஓடைக்கரையில் வெட்டிக் கட்டிய பிரம்புக்கட்டு கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் இந்தச் சிமிட்டல் அவனுக்காகத்தான். எந்த விளக்கும் விளக்குதான், ஆனால் மஞ்சளாகி வெளுக்கும் விளக்கு தன் முகாமுடையது என்று இராமகிருஷ்ணனுக்குத் தெரியும். இதைக் கேட்டபின் முத்துமணிக்கு அந்த மனிதர்மேல் இரக்கமும், கெட்டில் நேரத்தின்மேல் பயமும் ஒன்றாக வந்து சேர்ந்தன. அந்த இருட்டில் யாரும் பேசுவதில்லை. பேசக்கூடாது என்று யாரும் சொன்னதுமில்லை. பகலில் தள்ளி நிற்கும் மரங்கள் அப்போது கூடாரக் கயிறுவரை வந்துவிட்டதுபோல் இருக்கும். பூச்சிச் சத்தம் ஓடைப் பக்கம் மட்டும் நின்றுபோகும். எல்லோரும் அந்தப் பக்கம் பார்க்காமலேயே உட்கார்ந்திருப்பார்கள். நீள ஹார்ன் கேட்டதும் ஒரே நேரத்தில் பத்துப் பேராவது இருமுவார்கள்.

இந்த மழை முடிந்ததும், முகாம் மலைக்கு அப்பால் நகர வேண்டும் என்று உத்தரவு வந்தது. பரமசிவம் தானே வண்டிக்கு வந்து சொன்னார். பக்தவத்சலம் ஸ்டீயரிங்கைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

“எடத்த மாத்திட்டா அவன் எதப் பாத்து வருவான் சார்?”

“எனக்கு மட்டும் மனசில்லையா பக்தா” என்று சொல்லிவிட்டுப் பரமசிவம் போய்விட்டார்.

பிறகு பக்தவத்சலம் முத்துமணியிடம் வந்தார். “சின்ன இஞ்சின் ஒண்ணு வெச்சிட்டுப் போவ முடியாதா? கம்பத்துக்கு மட்டும். தோடா டீசல் போதும்.”

“இருக்கிறதே ஒண்ணுதானேண்ணே” என்றான் முத்துமணி.

போகும் நாளில் அவர் வண்டியை ஓட்டியதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சுமை தூக்கி நடந்தவர்கள்கூட அவரை முந்திப் போனார்கள். திருப்பத்துக்குத் திருப்பம் இரண்டு குட்டை ஹார்ன். எதிரே மரம் இழுக்கும் யானை வருகிறது என்று நினைத்துக் கூலிகள் ஒதுங்கி நின்றார்கள்.

புதிய இடத்தில் பொழுது சாய்ந்தபோது முத்துமணி ஜெனரேட்டரை ஓட்டிவிட்டு, வண்டிக்கு ஒயரை இழுத்து மாட்டினான். எல்லாக் கூடாரத்திலும் விளக்கு எரிந்தது. கெட்டில் நேரம் வந்தது. ஹார்ன் வரவில்லை. பக்தவத்சலம் ஜெனரேட்டர் பக்கத்தில் ஒரு காலி டின்மேல் வந்து உட்கார்ந்திருந்தார்.

“டீ போடலியாண்ணே?”

“இன்னிக்கி வேணாம் முத்து. யாருக்குக் காட்டறது?”

அவர் பீடியைப் பற்றவைத்தார். அது பாதி எரிந்திருக்கும், ஜெனரேட்டர் முக்கி முனகியது.

முத்துமணி துள்ளி எழுந்தான். டீசல் இருந்தது. பெல்ட் சரியாக இருந்தது. ஆனால் அந்த முனகல் அவனுக்கு நன்றாகத் தெரிந்த முனகல். நிமிர்ந்து பார்த்தான். கம்பத்து விளக்கு சோர்ந்து மஞ்சளாகியிருந்தது.

“அண்ணே, கெட்டில எதுவும் போட்டுட்டு வந்தீங்களா?”

“சாக்குல கட்டி படுக்கைக்குக் கீழ கெடக்குது. இன்னும் பிரிக்கக்கூட இல்ல.”

இத்தனை விளக்கும் எரியும்போது இந்தப் பாரம் இழுத்தால் பியூஸ் போயிருக்க வேண்டும். போகவில்லை. மங்கலைக் கண்ட கூடாரத்துக்காரர்கள் ஹார்ன் கேட்காமலேயே, பழக்கதோஷத்தில், ஒவ்வொருவராக விளக்கை அணைக்கத் தொடங்கினார்கள். ஓடையே இல்லாத அந்த மலைச்சரிவில், வண்டிக்குப் பின்பக்கம் மட்டும் பூச்சிச் சத்தம் நின்றுபோயிருந்தது.

பக்தவத்சலம் பீடியை மிதித்து அணைத்துவிட்டு எழுந்தார். அவசரமில்லாமல் நடந்தார். வழக்கம்போல் தாழிடாத பின்கதவு பாதி திறந்து கிடந்தது. உள்ளே கும்மிருட்டு. அவர் அந்தப் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. நேராக முன்னால் போய் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். முத்துமணி வண்டியின் முகப்புவரைதான் போனான். அதற்குமேல் போகப் பயம் விடவில்லை.

இருவரும் காத்திருந்தார்கள். தண்ணீர் கொதிக்கும் நேரம் போனது. கம்பத்து விளக்கு மெல்ல வெளுத்தது. ஜெனரேட்டர் சீராக ஓட ஆரம்பித்தது.

பக்தவத்சலம் ஹார்னை நீளமாக ஒருமுறை அழுத்தினார். பிறகு சாலையைப் பார்த்தபடியே, திரும்பாமல், முதுகுக்குப் பின்னால் இருந்த திறப்புக்குள் கையை நீட்டி உள்ளங்கையை விரித்தார்.