இரத்தம் காணாது

நுணுக்குக்காட்டியில் நான் மலைத்துப்போய்ப் பார்த்த இரத்தம் என் அக்காவினுடையது. எழுபதுகளில் திருகோணமலையில் ஓர் ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை. மலேரியாக் கிருமியைத் தேடித் தேடிக் கண் பூத்துப்போன காலம். கண்ணாடித் துண்டில் அக்காவின் சிவப்பணுக்கள் வெளிறி, சின்னஞ்சிறிதாய்க் கூட்டமாய்க் கிடந்தன.

இரத்தம் போதாது என்பதை எங்கள் பக்கத்தில் "இரத்தம் காணாது" என்போம். எங்கள் ஊர் பாலையூற்றில் அக்காவுக்கு அதுவே பட்டப்பெயர். இரத்தம் ஊற இரும்புச்சத்து அயன் குளிசை விழுங்கி வயிறு எரிந்ததுதான் மிச்சம். ஆனால் வீட்டில் நாங்கள் எல்லோரும் மலேரியாவில் நடுங்கிக் கிடந்தபோது கஞ்சி காய்ச்சித் தந்தவள் அவள்தான்.

ஆய்வுகூடத்து டொக்டரம்மா அவளுடைய இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பிச் சோதித்துவிட்டு எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"பிள்ளை, இது பிறப்பிலேயே இப்பிடி. முந்தி மலேரியா ஊர் ஊராய்ச் சனத்தைக் கொண்டுபோகேக்க இப்பிடி இரத்தம் உள்ள கனபேர் தப்பினவை. தப்பினவை பிள்ளை பெத்தவை. அப்பிடித்தான் உங்களிட்ட வந்திருக்கு."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. யாரும் திட்டமிடவில்லை. காய்ச்சலும் சாவும் எத்தனையோ தலைமுறைகளாய் அரித்து அரித்து மிச்சம் விட்டது, என் அக்காவின் விரல் நுனியில்!

"ஆனால் கட்டப்போறவருக்கும் இதே இரத்தமெண்டால், பிறக்கிற பிள்ளை சிலவேளை தப்பாது. அவரையும் சோதிக்கவேணும்" என்றார் டொக்டரம்மா அக்காவிடம்.

அக்கா மனதில் வைத்திருந்ததோ மாமாவின் மகனை. ஒரே குடும்பம். மச்சானின் இரத்தமும் கொழும்புக்குப் போனது. அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. "அவருக்கும் இருந்தால் விட்டிடுவன் தம்பி" என்றாள், என் முகத்தைப் பாராமல். காப்பாற்றிய இரத்தமே இப்படிக் கழுத்தை நெரிக்குமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மச்சானுக்கு அது இல்லை. அக்கா விக்கி விக்கி அழுதாள். அம்மா கோயிலுக்குத் தேங்காயோடு ஓடினார்.

கலியாணம் முடிந்த மாரியில் மச்சானுக்கு மலேரியா. மூன்று போர்வைக்குள் பல் கிட்டிக் கிடந்தவரிடம் அக்கா கஞ்சிக் கோப்பையை நீட்டினாள். "உங்களுக்கெல்லோ இரத்தம் காணாது!" அந்த நடுக்கத்திலும் மனுசன் சிரித்தார்.

இன்று ஊரில் மலேரியா இல்லை. போன மாதம் பழைய ஆய்வுகூடத்துக்குப் போய் அக்காவின் மகளுடைய இரத்தத்தைப் பார்த்தேன். அதே வெளிறிய சின்னஞ்சிறு அணுக்கள். காய்ச்சல் ஊரைவிட்டுப் போன கதை அவற்றுக்கு இன்னும் எட்டவில்லை. கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

"என்ன மாமா, இரத்தம் காணாதோ?" என்றாள், பக்கத்தில் நின்றவள்.

"காணும் பிள்ளை" என்றேன். "நல்லாய்க் காணும்."