சீன டீச்சரின் புதுவருசம்

நான் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. புத்தளம் மாவட்டத்தில், குறிஞ்சிப்பிட்டிப் பக்கத்தில் உள்ள தமிழ்மொழிப் பள்ளிக்கூடம் ஒன்றில் பதினாறு வருடம் படிப்பித்தேன். என்னிடம் படித்தவர்களில் பாதிப்பேர் கடலுக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். மற்றவர்கள் வெங்காயத் தோட்டங்களில் கூலிக்கு நிற்பவர்களின் பிள்ளைகள். யுத்தம் முடிந்து பத்து வருடமாகியும் வெளியாள் யாராவது எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தால், கொப்பி பென்சில் கொடுத்துப் படமெடுத்துக்கொண்டு போகிறவராகத்தான் இருக்கும். அதனால் அந்தச் சீனப் பெண் முதல்தடவை வந்தபோது பிள்ளைகள் வழக்கம்போல வரிசையில் நின்று கையை நீட்டினார்கள். அவள் கொண்டுவந்திருந்தது ஒரு பை கோதுமை மா.

அவளுக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும். எங்கள் கரையோரத்தில் வேலை செய்த சீன எஞ்சினியர்களுக்கு மொழிபெயர்ப்பாளராக வந்தவள். சிங்களத்தைத் தன் நாட்டுப் பல்கலைக்கழகத்திலேயே படித்திருந்தாள். தமிழ் தெரியாது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே சிங்களம் ஓடும் என்பதால் பள்ளிக்கூட அதிபர் அவளை என்னிடம் ஒப்படைத்தார். அவள் சிங்களத்தில் சொல்வதை நான் பிள்ளைகளுக்குத் தமிழில் சொன்னேன். அவள் என்னை அக்கா என்றாள். தங்கச்சியைச் சிங்களத்தில் கூப்பிடுவதுபோல, நான் அவளை நங்கி என்றேன். பிள்ளைகளுக்கு அவள் சீன டீச்சர்.

கண்டக்குழியில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தாள். "லீவு நாளில் அறைக்குள் இருந்தால் வீட்டு யோசனை வருகிறது அக்கா. அதுதான் வந்தேன்" என்றாள். வேறு பெரிய காரணம் எதுவும் சொல்லவில்லை.

அது அவர்களுடைய நிலாப் பெருநாள் வரும் மாதம். பதினைந்தாம் நாள் நிலவுக்குக் கீழே குடும்பம் முழுவதும் கூடியிருந்து பலகாரம் சாப்பிடுவார்களாம். பயறை அவித்து, சீனி போட்டுப் பிசைந்து, மாவுக்குள் வைத்து மூடப் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுத்தாள். அவளுடைய ஊரில் அதை அடுப்பில் சுடுவார்கள். எங்களிடம் சுடுவதற்கு ஒன்றும் இல்லை. என் வீட்டு நீத்துப்பெட்டியில் வைத்து அவித்தோம். ஒன்றுகூட வட்டமாக வரவில்லை. அவள் அதைப் படமெடுத்துத் தன் தாய்க்கு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் தாயின் குரல் போனில் வந்தது. உரத்த குரல், பாதி சிரிப்பு.

"உம்மா என்ன சொல்றா, மிஸ்?" என்று நாலாம் வகுப்புப் பிள்ளையொருத்தி கேட்டாள். எங்கள் வீட்டுக்கு அடுத்த வேலிக்காரரின் மகள்.

நான் கேட்டுச் சொன்னேன். "மாவுல தண்ணி கூடிப்போச்சாம். பாத்தாலே தெரியுதாம்."

பிள்ளைகள் போனைச் சூழ்ந்து நின்று, முகம் தெரியாத அந்தத் தாய்க்கு ஒரே சத்தமாக ஸலாம் சொன்னார்கள். அவள் அதையும் பதிவு செய்து அனுப்பினாள்.

அதன்பிறகு சனிக்கிழமைகளில் வரத் தொடங்கினாள். தூரிகை பிடிக்கவும், சிவப்புக் கடதாசியை மடித்து வெட்டிப் பூவும் மீனும் எடுக்கவும் பழக்கினாள். அடுத்த வேலிப் பிள்ளைக்குக் கத்தரிக்கோல் சொன்னபடி கேட்டது. சீன டீச்சர் ஒரு தடவை மடித்துக் காட்டினால் போதும்.

மார்கழி விடுமுறை முடிந்ததும், தை மாதத்தில் வரும் சீனப் புதுவருசத்தைப் பள்ளிக்கூடத்தில் கொண்டாடுவோம் என்று அதிபரே சொன்னார். டிராகன் என்கிற பெரிய பறவைநாகம் ஒன்று செய்து, பிள்ளைகள் அதைத் தூக்கிக்கொண்டு ஆடுவது என்று ஏற்பாடு. ஒரு தகப்பன் என்னை வழியில் மறித்தார்.

"டீச்சர், பிள்ளையள பாம்பக் கும்பிட வெக்கப் போறீங்களாமே?"

"கும்பிடுறதில்ல. பட்டம் செய்யிற மாதிரித்தான். விளையாட்டு" என்றேன். வந்து பார்க்கச் சொன்னேன். அவர் வந்து பார்த்துவிட்டு, தோட்டத்திலிருந்து பழைய பசளைப் பைகள் ஒரு கட்டுக் கொண்டுவந்து போட்டார். அந்தப் பைகளைத் தைத்துத்தான் உடம்பு செய்தோம்.

தலைக்கு மூங்கில் வளைத்தவர் என்னுடைய வாப்பா. முப்பது வருடம் உப்பளத்தில் வேலை செய்தவர். உம்மா மௌத்தான பிறகு என்னோடு இருந்தார். இழுப்புக்காரர், இரண்டு மூங்கிலை வளைத்துக் கட்டினால் கதிரையில் இருந்து மூச்சை எடுத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார். சீன டீச்சர் விசிறியைத் தூக்கிவந்து பக்கத்தில் வைப்பாள். வாப்பாவின் சிங்களம் உப்பளத்துச் சிங்களம். இருவரும் என்னத்தைக் கதைத்தார்களோ, அடிக்கடி சிரிப்புச் சத்தம் கேட்கும்.

புதுவருசம் சனிக்கிழமை. பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமை வைத்திருந்தோம். அதற்கு முந்திய வாரந்தான் தொலைக்காட்சியில் அந்தப் புது வைரஸ் வருத்தத்தைப் பற்றிய செய்தி வரத் தொடங்கியது. சீனாவில் ஒரு நகரத்தையே பூட்டிவிட்டார்கள் என்றார்கள். அது அவளுடைய தாய் இருக்கும் நகரம். அவள் எனக்குப் போன் எடுத்து, "அம்மாவுக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள்" என்று சொன்னாள். நான் கேட்காமலே இரண்டு தடவை சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அதிபர் என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், தாய்தகப்பன் எல்லாரும் எனக்குப் போன் எடுக்கிறாங்க. நாளைக்கு அவ வந்தா ஒருத்தரும் பிள்ளைய அனுப்ப மாட்டாங்களாம். விழா வேணாம். நீங்க அவக்குச் சொல்லிருங்க."

"சேர், அவ ஒண்டர வருசமா இந்த நாட்ட விட்டுப் போகவேயில்ல."

"எனக்குத் தெரியும். சனத்துக்குத் தெரியுமா? நீங்க பக்குவமாச் சொல்லுங்க."

ஓம் என்றேன். அன்றிரவு நான் அவளுக்குப் போன் எடுக்கவில்லை. என்ன வார்த்தையில் சொல்வது என்று தெரியவில்லை என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். உண்மை அதுவல்ல. அவளே செய்தியைப் பார்த்து வராமல் நின்றுவிடுவாள், நான் சொல்லத் தேவை வராது என்று காத்திருந்தேன்.

அவள் வந்தாள். சிவப்புச் சட்டை போட்டிருந்தாள். ஒரு கையில் தோடம்பழப் பை, மற்றக் கையில் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் தமிழில் எழுதிய சிவப்பு உறைகள். அந்த எழுத்துகளை என்னிடம் கேட்டுக் கேட்டு ஒரு மாதமாக எழுதிப் பழகியிருந்தாள். காவலாளி கேற்றைப் பூட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார். நான் உள்ளே நின்றேன், அவள் வெளியே நின்றாள்.

"நங்கி, இன்றைக்கு விழா இல்லை" என்றேன். "பிள்ளைகளுக்கெல்லாம் காய்ச்சல்."

எனக்குப் பின்னால் வகுப்புகளில் பிள்ளைகளின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். யன்னல் ஒன்றில் நின்ற பிள்ளைகள் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒன்று "கொரோனா" என்று கத்தியது. மற்றதுகளும் சேர்ந்து கத்தின. அந்தச் சத்தத்தில் அடுத்த வேலிப் பிள்ளையின் குரலும் இருந்தது.

"அக்கா, ஒரு போன் எடுத்திருக்கலாமே" என்றாள். அவ்வளவுதான். பையையும் உறைகளையும் கேற்றடியில் வைத்துவிட்டு ரோட்டைக் கடந்தாள். அவளை ஏற்றிவந்த ஓட்டோக்காரன் அதற்குள் போய்விட்டிருந்தான். வெயிலில் வெகுநேரம் நின்றாள். வந்த பஸ் ஒன்று அவளைக் கண்டதும் நிற்காமல் போனது. பிறகு நடந்தாள்.

அவள் வைத்துப்போனதை ஒருவரும் தொடவில்லை. பள்ளிக்கூடம் விட்டபிறகு அதிபர், "எல்லாத்தையும் பத்த வெச்சிருங்க. அந்தப் பறவைநாகத்தையும் சேர்த்து. நாளைக்கு யாரும் கதை சொல்லக் கூடாது" என்றார். காவலாளி கிட்டப் போகப் பயந்தார். ஒரு கம்பால் பையையும் உறைகளையும் குப்பைக் குழிக்குள் தள்ளி, பறவைநாகத்தின் தலையையும் உடம்பையும் மேலே போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி, நெருப்புக்குச்சியைக் கிழித்தது நான்தான். பசளைப் பை உருகி எரிகிற நாற்றம் வீடு வரைக்கும் என் உடுப்பில் வந்தது. வாப்பா கேட்டார்.

"ஆட்டம் எப்பிடிப் போச்சு, மகள்?"

"நல்லாப் போச்சு வாப்பா" என்றேன். அவர் இழுப்புக் கூடி அன்று வெளியே வரவில்லை. ஊரார் சொல்லி அறிந்துகொள்ள அவருக்கு இரண்டு நாள் எடுத்தது. அதன்பிறகு ஒரு கிழமை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

மாசி மாதத்தில் அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. தாய் இறந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதோடு சரி, வீட்டார் ஒருவரும் முகம் பார்க்கவில்லை. எரித்துவிட்டார்களாம். சாம்பலைப் பிறகு கொடுப்பார்களாம். விமானம் இல்லாததால் அவளால் போக முடியாது. இவ்வளவையும் எழுதியிருந்தாள். நான் "மிகவும் கவலை, நங்கி" என்று திருப்பி எழுதினேன். கண்டக்குழிக்கு ஓட்டோவில் இருபது நிமிடம். நான் போகவில்லை.

பங்குனியில் எங்கள் மாவட்டத்தையே ஊரடங்கு போட்டுப் பூட்டினார்கள். இப்போது எங்களைக் கண்டால் மற்ற ஊர்க்காரர் விலகினார்கள். புத்தளத்து ஆள் என்றால் கடைக்குள் எடுக்கவில்லை. முஸ்லிம்கள்தான் வருத்தத்தைப் பரப்புகிறார்கள் என்று டீவியிலும் போனிலும் கதை வந்தது. இந்த வருத்தத்தில் மௌத்தானவர்களை அடக்க விடமாட்டோம், எல்லாரையும் எரிப்போம் என்று அரசாங்கம் சட்டம் போட்டது. பள்ளிவாசலில் துஆ ஓதினோம். அது எங்கள் வீட்டுக்கு வரும் என்று நான் நினைக்கவில்லை.

அந்த வருசக் கடைசி மழையில் வாப்பாவுக்கு மூச்சு முட்டியது. வழக்கமான இழுப்பு என்றுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பரிசோதித்துவிட்டு, அந்த வருத்தந்தான் என்று எங்களை வெளியே அனுப்பினார்கள். மூன்றாம் நாள் மௌத்து. எரிப்பதற்குச் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வைக்கச் சொல்லி, மூத்த மகனான என் காக்காவைக் கூப்பிட்டார்கள்.

"எரிக்கிறதுக்கு எண்ட கையால எழுதித் தர மாட்டன்" என்று காக்கா சொன்னார். காலில் விழாத குறையாகக் கேட்டோம். பத்து அடி ஆழத்தில் வேண்டுமானாலும் தோண்டுகிறோம், கொங்கிறீட் போட்டு மூடுகிறோம் என்றோம். அங்கு நின்ற அதிகாரி தலையைக் குனிந்துகொண்டு, "எங்கட கையில ஒண்டும் இல்ல" என்றார். கையெழுத்து இல்லாமலே எரித்தார்கள். குளிப்பாட்டவில்லை, கபன் துணி இல்லை, ஜனாஸாத் தொழுகைக்கு மையித்து இல்லை. காக்கா வீட்டுக்கு வந்து சுவரில் தலையை மோதினார்.

இரண்டு நாள் கழித்துச் சாம்பலை வந்து எடுக்கச் சொல்லி அறிவித்தார்கள். "எடுத்தா நாம ஒத்துக்கிட்ட மாதிரி. இந்த வீட்டுக்குள்ள அது வரக் கூடாது" என்றார் காக்கா.

நான் யாரிடம் கேட்பது என்று யோசித்தேன். பத்து மாதம் கழித்து அவளுக்குப் போன் எடுத்தேன். வாப்பா போய்விட்டார் என்று சொன்னேன். "நான் வரட்டுமா?" என்றாள்.

மாஸ்க் போட்டு வந்து முற்றத்துக் கதிரையில் இருந்தாள். மெலிந்திருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுப் பிள்ளை வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு மூன்று பேர்.

"மிஸ், சீன டீச்சர்ட உம்மாவும் மௌத்தா?"

"ஓம்" என்றேன்.

பிள்ளைகள் கொஞ்சம் தயங்கினார்கள். பிறகு மௌத்துச் செய்தி கேட்டால் நாங்கள் சொல்கிறதைச் சொன்னார்கள். "இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்." அது என்ன என்று அவள் என்னிடம் கேட்டாள். இறைவனிடமிருந்து வந்தோம், அவனிடமே திரும்புகிறோம் என்று சிங்களத்தில் சொன்னேன். அவள் மாஸ்க்கோடு முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு அழுதாள். அந்தத் தாயின் உரத்த குரலைக் கேட்ட பிள்ளைகள் அவர்கள்.

"நங்கி, அன்றைக்குக் கேற்றடியில் நான் செய்தது பிழை. நீ வைத்துவிட்டுப் போன உறைகளை நான்தான் கொளுத்தினேன். என்னை மன்னித்துவிடு" என்றேன்.

"மற்றவர்கள் பயந்தது எனக்கு விளங்கியது. உனக்கு என்னைத் தெரியும்தானே, அக்கா" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

சாம்பலைப் பற்றிக் கேட்டேன். அவளுடைய சித்தி வரிசையில் நின்று வாங்கி அலுமாரியில் வைத்திருக்கிறாள், நாட்டுக்குப் போனதும் கொண்டுபோய்ப் புதைப்பேன் என்றாள். "நீ போய் எடு. யார் என்ன சொன்னாலும் எடு. பிறகு தேடினாலும் கிடைக்காது."

நான் போகவில்லை. காக்காவுக்குப் பயந்தேன், ஊருக்குப் பயந்தேன். ஒருவேளை அவர்கள் சொல்வதுதான் மார்க்கப்படி சரியாகவும் இருக்கலாம், எனக்குத் தெரியாது. சாம்பலை எடுக்கக் கொடுத்த தவணை முடிந்தது. சில மாதங்களில் அந்தச் சட்டத்தை மாற்றி அடக்குவதற்கு அனுமதி கொடுத்தார்கள். வாப்பாவின் சாம்பலை எங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள் என்று இன்றுவரை தெரியாது. மையவாடியில் உம்மாவுக்குப் பக்கத்தில் அவருக்கென்று நினைத்திருந்த இடத்தில் இப்போது வேறொருவர் இருக்கிறார்.

விமானம் ஓடத் தொடங்கியதும் அவள் போய்விட்டாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் அதன்பிறகு எந்த நாட்டு விழாவும் நடக்கவில்லை. நானும் மாற்றம் வாங்கி வேறு பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டேன்.

ஒரு வருசத்துக்கு மேலாக அவளிடமிருந்து தகவல் இல்லை. ஒருநாள் சித்திரை மாதத்தில், வகுப்பில் நிற்கும்போது போனில் ஒரு படம் வந்தது. மழையில் நனைந்த கல்லொன்று, அதில் சீன எழுத்து. இறந்தவர்களின் கபுறைத் துப்புரவு செய்யும் நாளாம். தாயைப் புதைத்துவிட்டேன், வேலை முடிந்தது என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே, "அப்பாவின் சாம்பலை எடுத்தாய்தானே, அக்கா?" என்று கேட்டிருந்தாள்.

எடுத்தேன் என்று எழுதினேன்.

"நல்லது அக்கா" என்று உடனே பதில் வந்தது.