ஒரே கம்பத்தில் இரண்டு தடம்

வெள்ளிக்கிழமை காலை எக்ஸ்சேஞ்சுக்கு வந்த முதல் டிரங்க் காலே ஆபரேட்டரான எனக்குத்தான். "அத்தா மவுத்தாயிட்டாங்க" என்றாள் மீரான் பாயின் மகள். ஹெட்போனைக் கழற்றாமலே அழுதேன்.

இலாகா நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டத்தில் நம் பழைய மேலதிகாரி பேசியதைக் கேட்டீர்கள் அல்லவா? "கொஞ்சம் அஜாக்கிரதை உண்டு, ஆனாலும் தங்கமான மனுஷன்" என்றார். நீங்களும் தலையாட்டினீர்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்த அஜாக்கிரதை யாருடையது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நத்தம் பக்கத்தில் இருந்த எங்கள் சின்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து திண்டுக்கல்லுக்கு இரண்டு கம்பித் தடங்கள் போயின. ஒன்று ரோட்டோரமாக, மற்றது புளியந்தோப்புகள் வழியாக. பாய் அங்கே லைன் இன்ஸ்பெக்டர், நான் டெம்பரரி ஆபரேட்டர். மாங்காய் சீசனில் வியாபாரிகள் விலை கேட்டு மொய்ப்பார்கள். நான் எல்லோரையும் முதல் தடத்திலேயே காக்க வைப்பேன். "ஏன் தங்கச்சி, அது மட்டும் மாடா உழைக்கணுமா? இன்னொண்ணு சும்மாதானே தூங்குது. மாத்தி மாத்திக் குடுங்க" என்பார் பாய். ஒன்று கரகரத்தால், பேசுகிறவருக்குத் தெரியாமலே மற்றதற்கு மாற்றிவிடவும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார்.

எதையும் இரண்டு வழியில் அனுப்புகிற மனுஷன் அவர். மகளின் கல்யாணப் பத்திரிகையை எனக்குத் தபாலில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் கொடுத்தார். "எம்மேல அம்புட்டு நம்பிக்கையா பாய்?" என்று சீண்டினேன். "உங்க மேல நம்பிக்கை இருக்கு தங்கச்சி. தபால் பை மேலதான் இல்ல" என்று சிரித்தார்.

அப்போதுதான் இந்த அதிகாரி வந்து சேர்ந்தார். தோப்பு வழியே மரக்கிளை வெட்டி மாளவில்லையாம். அந்தத் தடத்தையும் ரோட்டோரக் கம்பங்களிலேயே ஏற்றச் சொன்னார். போர்டில் என்னவோ தடத்துக்கு ஒன்றாக இரண்டு விளக்குகள்தான். தினமும் சோதித்து, இரண்டும் சரி என்று ரிஜிஸ்தரில் எழுதினோம். பாய் மட்டும், "கம்பம் சாஞ்சா ரெண்டும் சேந்துல்ல போகும்" என்று குமைந்தார். எதிர்ப்பை இரண்டு பிரதிகளாக எழுதிக் கொண்டுபோனார். அதிகாரி இரண்டிலும் 'தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒன்று ஃபைலுக்குப் போனது. மற்றதை, "இது உங்ககிட்ட கிடக்கட்டும்" என்று என்னிடம் கொடுத்தார் பாய்.

அந்த ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம், மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறித்த பேச்சியம்மாளைப் பாம்பு கடித்தது. மருந்து திண்டுக்கல்லிலிருந்து காரில் வந்தாக வேண்டும். "தாயி, வெரசா போடு தாயி" என்று எக்ஸ்சேஞ்ச் கவுண்டர் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார் அவள் புருஷன். முதல் தடம் செத்துக் கிடந்தது. இரண்டாவதும் அப்படியே. மரம் விழுந்து கம்பம் சாய்ந்திருந்தது. பாய் கொட்டுகிற மழையில் சைக்கிள் மிதித்துப் போய்க் கம்பியை ஒட்டித் தடத்துக்கு உயிர் கொடுப்பதற்குள் பேச்சியம்மாள் போய்விட்டாள்.

விசாரணையில், "தடம் இரண்டு இருந்தன, இன்ஸ்பெக்டர்தான் பராமரிக்கவில்லை" என்றார் அதிகாரி. ஃபைலில் பாயின் கடிதம் இல்லை. "வேறு பிரதி உண்டா?" என்று கேட்டார்கள். பாய் என்னை ஒரு தரம் பார்த்தார். எனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. நான் தரையைப் பார்த்தேன். "இல்லீங்க" என்றார் பாய்.

அவரை லைன்மேனாக இறக்கினார்கள். சாகும்வரை கம்பம் ஏறினார். நான் அழுதுகொண்டு போய் நின்றபோது, "உங்க வேலையும் போனா யாருக்கு லாபம் தங்கச்சி?" என்றார். அன்று அவர் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

மாலையோடு வந்த அதிகாரி அவர்களே, பேச்சியம்மாள் பெயரை ஒரு தடவையாவது உச்சரித்தீர்களா? உங்கள் கையெழுத்து இத்தனை வருஷமும் என் டிரங்குப் பெட்டியில் இருந்தது. ஒளித்து வைத்தவள் நான். எனக்கும் தண்டனை வரட்டும், உங்கள் பக்கத்திலேயே நின்று வாங்கிக்கொள்கிறேன். நகல் ஒன்று தலைமை அலுவலகத்துக்கு ரிஜிஸ்தர் தபாலில் போய்விட்டது. இன்னொன்றைப் பேச்சியம்மாள் புருஷன் மடியில் கட்டிக்கொண்டு இன்று காலை அதே அலுவலகத்துக்கு பஸ் ஏறினார். ஃபைலில் ஒன்று காணாமல் போனாலும் இனிக் கவலையில்லை.

அசல் என்னிடம் இருக்கிறது. பாய் எனக்கென்று விட்டுப்போனது அது ஒன்றுதான். வேண்டுமானால் வந்து கேட்டுப் பாருங்கள் சார். இந்தத் தடவை நான் தரையைப் பார்க்க மாட்டேன்.