மூச்சுப் பிடிக்காமல் மேலே வருவது

நல்லேப்பிள்ளிப் பக்கம் கிணற்று மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறவில்லை என்றால் ரமேஷ்குமாரைத்தான் கூப்பிடுவார்கள். கோளாறு பெரும்பாலும் புட்வால்விலேயே இருக்கும். உறிஞ்சு குழாயின் அடி நுனியில், தண்ணீருக்குள் இருக்கிற பித்தளைக் குமிழ் அது. உள்ளே ஒரு தோல் மடிப்பு மேலே போகிற தண்ணீருக்கு வழிவிட்டு, திரும்பி வருகிற தண்ணீரைத் தடுக்கும். சேறோ தென்னம்பாளைச் சிம்போ அந்த மடிப்பில் சிக்கிக்கொண்டால் குழாயில் தண்ணீர் நிற்காது. கிணற்றை இறைத்துவிட்டால் வால்வை எளிதாகக் கழற்றலாம். ஆனால் வால்வு சரியானால்தான் கிணற்றை இறைக்க முடியும். அதனால் யாராவது ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகவேண்டும்.

பதினெட்டு வயதிலிருந்து அதைச் செய்பவர் ரமேஷ்குமார். குழாயைப் பிடித்துக்கொண்டே கீழே போவார், ஒரு போல்ட்டைத் தளர்த்துவார், மேலே வருவார். கொஞ்சம் இளைப்பாறிவிட்டு மறுபடியும் போவார். சித்தூர் வரைக்கும் அவர் மூச்சைப் பற்றிப் பேச்சு உண்டு. ஒரு பீடி புகைத்து முடிக்கும்வரை அவர் கீழே இருப்பார் என்பார்கள். அதில் கொஞ்சம் மிகை உண்டு. அதை அவர் மறுத்ததில்லை.

போன தை மாதம் ஆறுமுகசாமியின் கிணற்றில் அந்த மூச்சு அவரைக் கைவிட்டது. வால்வை மாட்டிவிட்டு மேலே வந்துகொண்டிருந்தவர், தலை வெளியே தெரிவதற்கு ஒரு முழம் இருக்கையில் குழாயை விட்டுவிட்டார். இடுப்பில் கயிறு கட்டியிருந்ததால் ஆறுமுகசாமி இழுத்துப் படியில் போட்டார். கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, இரண்டு வாய் தண்ணீரைக் கக்கிவிட்டு, மோட்டாரைப் போட்டுப் பார்க்கச் சொன்னாராம். வீட்டுக்கு வந்து காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்.

மனைவி யோகப்பிரியாவிடம் நடந்ததைச் சொன்னவர் ஆறுமுகசாமிதான். அவள் வீட்டை ஒட்டிய பழைய மாட்டுக் கொட்டகையில் இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிறவள். மீனாட்சிபுரத்தில் அப்பாவின் பட்டறையில் நின்று நின்றே வெல்டிங் பழகியவள். எதையும் இருமுறை அளந்துவிட்டுத்தான் வெட்டுவாள். ஆறுமுகசாமி சொன்னதைக் கேட்டு அவள் அழவில்லை. கை எந்த இடத்தில் விட்டது, முகம் என்ன நிறத்தில் இருந்தது, எத்தனை நேரம் பேச்சில்லை என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். போலீசுக்குப் பதில் சொன்னது மாதிரி இருந்தது என்று ஆறுமுகசாமி பிற்பாடு சொன்னார்.

அன்று சாப்பிடும்போது, இனிக் கிணற்றில் இறங்க வேண்டாம் என்று கணவனிடம் கேட்டாள்.

"நா எறங்கலைன்னா வேற எவனையாச்சு எறக்குவாங்க புள்ள. அவனுக்குத் தண்ணியப் பத்தி என்ன தெரியும்?"

அவர் சொன்னது உண்மைதான். இறங்கத்தான் போகிறார் என்றால் மூச்சோடு இறங்கட்டும் என்று முடிவு செய்தாள்.

ஆழத்தில் முக்குளிக்கிறவர்கள் போடும் தலைக்கவசம் எப்படி வேலை செய்கிறது என்பதைச் செல்போனில் படங்களாகப் பார்த்துப் புரிந்துகொண்டாள். அதில் பெரிய மந்திரம் எதுவும் இல்லை. ஒரு டம்ளரைக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் அமுக்கினால் உள்ளே காற்று தங்கும். அந்த டம்ளருக்குள் தலை இருக்கவேண்டும். மேலேயிருந்து ஒரு குழாய் வழியாகப் புதுக்காற்று வந்துகொண்டே இருக்கவேண்டும். பழையது விளிம்புக்குக் கீழே குமிழியாக வெளியேறிவிடும்.

அளவுக்கு ஏற்ற பாத்திரம் வீட்டில் ஒன்றுதான் இருந்தது. அவள் கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் சீராகக் கொடுத்த பித்தளை அண்டா. தோளில் புள்ளி புள்ளியாக அவள் பெயர் வெட்டியிருந்தது. அதை அவள் பட்டறைக்கு எடுத்துப் போவதைப் பார்த்த மாமியார் கமலாத்தாள், யார் வீட்டு விசேஷத்துக்கு என்று கேட்டார். வெட்டப் போகிறேன் என்றதும் அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"சீர்ச் சாமானத்துல கத்தி வெக்கறது ஊட்டுக்கு ஆகாது அம்மிணி."

"உங்க பையன் தண்ணிக்குள்ள மூச்சில்லாம குழாயை விட்டது மட்டும் ஆகுமுங்களா அத்தை?"

மகனுக்கு நேர்ந்தது கமலாத்தாளுக்கு அப்போதுதான் தெரியவந்தது. சாயங்காலம் புளியும் சாம்பலும் கொண்டுவந்து, வெட்டுவதற்கு முன்னால் அண்டாவைத் தன் கையாலேயே தேய்த்து விளக்கிக் கொடுத்தார்.

அண்டாவின் வாயில் இரண்டு பக்கமும் தோள் அமரும்படி வளைவாக வெட்டினாள். முன்பக்கம் சதுரமாக ஒரு ஜன்னல் திறந்து, அதைச் சுற்றிப் பித்தளைச் சட்டம் வைத்துப் பற்றவைத்தாள். பற்றவைப்பு நிற்கவில்லை. வெண்காரம் போட்டு, கேஸ் தீயைச் சரிபார்த்து மறுபடியும் வைத்தாள். ஆறியதும் மூட்டில் கோடு விட்டது. பற்றவைக்கிற கம்பி மட்டம் என்று நினைத்து வேறு கடையில் வாங்கிப் பார்த்தாள். அதுவும் விட்டது. மூன்றாம் நாள் சோற்றுப் பானையைக் கழுவும்போதுதான் காரணம் உறைத்தது. அந்த அண்டாவில் விசேஷங்களுக்குச் சோறு வடித்திருக்கிறார்கள், அதனால் உள்ளே ஈயம் பூசியிருக்கிறது. தீ பட்டதும் ஈயம் உருகி மூட்டுக்குள் ஓடிவிடுகிறது. ஈயம் கலந்த இடத்தில் பித்தளை பிடிக்காது. மூச்சு விடுகிற பாத்திரத்துக்குள் ஈயம் இருப்பதும் நல்லதல்ல. வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, உட்புறம் முழுவதையும் மஞ்சள் நிறம் தெரியும்வரை சுரண்டினாள். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. அதற்குப் பிறகு வைத்த பற்று சுத்தியால் தட்டியும் விடவில்லை.

ஜன்னலுக்குக் கனமான அக்ரிலிக் பலகையைக் கோயம்புத்தூரில் வாங்கி, சைக்கிள் டியூபை வெட்டி இடையில் வைத்து, போல்ட் போட்டு இறுக்கினாள். காற்றுக்குத்தான் அதிகம் யோசித்தாள். பெயிண்ட் அடிக்கிற கம்ப்ரஸரை ஒருவர் இலவசமாகவே தருவதாகச் சொன்னார். அதன் காற்றில் எண்ணெய் கலந்திருக்கும் என்று வேண்டாமென்றுவிட்டாள். பெட்ரோல் இயந்திரம் என்றால் புகை கிணற்றுக்குள் இறங்கும். கடைசியில் ஸ்டீல் குழாயில் இரண்டு உருளை செய்து, தோல் வாஷர் போட்டு, ஏற்றம் மாதிரி இரண்டு பேர் மாறி மாறி அழுத்துகிற கைப்பம்பு ஒன்றைச் செய்தாள். வாஷருக்குத் தேங்காயெண்ணெய் மட்டும் தடவினாள்.

இத்தனை நாளும் ரமேஷ்குமார் அந்தப் பக்கம் வந்து நிற்பார், ஏதாவது சொல்வார், போய்விடுவார். அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இறங்கினால் பிரியாணி வேகுமா என்று கேட்டார். டீக்கடையில் அவரை இப்போதே அண்டாக்காரன் என்கிறார்களாம். அவள் பாட்டுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் அண்டாவில் காற்று நுழையும் இடத்தில் அவள் வைத்த சின்ன வால்வைக் கையில் எடுத்துப் பார்த்தார். மேலே குழாய் அறுந்தால் அண்டாவில் இருக்கிற காற்று திரும்பி ஓடிவிடாமல் தடுக்க வைத்த வால்வு அது.

"இந்தத் தோலு ஆவாது புள்ள. ஊறுனா வெறைச்சுக்கும்" என்றார். மறுநாள் காலையில் அவர் வெட்டிய ரப்பர் மடிப்பு பட்டறை மேசையில் இருந்தது.

தொட்டித் தண்ணீரில் தலையில் வைத்துப் பார்த்தபோது அண்டா அமிழவே இல்லை. உள்ளே இருந்த காற்று அவளையும் சேர்த்துத் தூக்கியது. பழைய இரும்பு எடைக்கற்களை வாங்கி முன்னும் பின்னும் போல்ட் போட்டாள். தரையில் ஒரு ஆள் தூக்க முடியாத பாரமாகிவிட்டது. தண்ணீருக்குள் கால் தரையில் நிற்கிற அளவுக்குச் சரியாக வந்தது.

இனி அவர் அதை அணிந்தால் போதும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். யோகப்பிரியாவின் பயம் அங்கேதான் தொடங்கியது. ஆழத்தில் இழுக்கிற மூச்சு நெருக்கப்பட்ட காற்று. மேலே வர வர அது விரியும். அதை வெளியே விடாமல் பிடித்துக்கொண்டு வந்தால் நுரையீரல் கிழிந்துவிடும். தண்ணீருக்குள் மூச்சைப் பிடிப்பது ஒன்றுதான் ரமேஷ்குமாருக்குத் தெரியும். அதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவள் செய்த அண்டாவுக்குள் அந்தத் திறமையே அவரைக் கொன்றுவிடும்.

சொல்லிப் பார்த்தாள். அவர் சிரித்தார்.

"மூச்சு என்ன பண்ணும்? நா இருவது வருசமா அதைப் புடிச்சுட்டுத்தான வாரேன்?"

"அது மேல இருந்து கொண்டு போற மூச்சுங்க. இது கீழ கெடைக்கறது."

"ரெண்டும் ஒரே காத்துதான?"

வாயால் விளக்கிப் பயனில்லை என்று அவளுக்குப் புரிந்தது. முதலில் தானே இறங்கப் போவதாகச் சொன்னாள். சின்ன வயதில் கிணற்றில் குதித்து நீந்தியவள்தான். அவர் ஒப்பவில்லை. தான் இறங்கிப் பார்க்காத எதையும் அவர் தலையில் வைக்க விடமாட்டேன் என்றாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

மாசி மாதம் ஒரு ஞாயிறு காலை, அதே ஆறுமுகசாமி கிணற்றுக்குப் போனார்கள். கிணற்று மேட்டில் மூன்று கம்பங்களை முக்காலியாக நட்டு, பாரம் தூக்கும் செயின் பிளாக்கில் அண்டாவைத் தொங்கவிட்டார்கள். யோகப்பிரியா சுடிதாரோடு கடைசிப் படியில் மார்பளவு தண்ணீரில் நின்றாள். அண்டா மெதுவாக இறங்கி அவள் தோளில் உட்கார்ந்தது. ரமேஷ்குமாரும் ஆறுமுகசாமியும் பம்பின் இரண்டு பக்கமும் நின்றார்கள். ஏதாவது ஆனால் கீழ்விளிம்பு வழியாகத் தலையை வெளியே எடுத்து, மூச்சை ஊதிக்கொண்டே மேலே வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். ரமேஷ்குமாரும் ஒன்று சொன்னார்.

"காது வலிச்சா எச்சலை முழுங்கு. அப்பறமும் வலிச்சா ஒரு சாண் மேல வா. வெட்டி வீராப்பு வேண்டாம்."

உறிஞ்சு குழாயைப் பிடித்துக்கொண்டு அவள் இறங்கினாள். அண்டாவின் மஞ்சள் பச்சையாகி, பிறகு கறுப்பாகி, காணாமல் போனது. குமிழிகள் மட்டும் வந்துகொண்டிருந்தன.

வேறொருவர் உள்ளே இருக்க, ரமேஷ்குமார் இதற்கு முன் ஒருமுறைகூடக் கிணற்று மேட்டில் நின்றதில்லை. கீழே இருக்கிறவனுக்குச் செய்ய வேலை இருக்கும், ஸ்பேனர் இருக்கும், எண்ணிக்கொள்ள மூச்சு இருக்கும். மேலே நிற்கிறவனுக்குத் தண்ணீர்தான் இருக்கிறது. பம்பை அழுத்திக்கொண்டே அதைப் பார்த்தார். குமிழிகள் ஒரே இடத்தில் வருகின்றனவா, நகர்கின்றனவா என்று தெரியவில்லை. எதிரே ஆறுமுகசாமி அவர் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி, மூச்சு உடு. பம்பு அடிக்கறது அவளுக்கு. நீ எதுக்குப் புடிச்சுட்டு நிக்கற?"

அப்போதுதான் தான் மூச்சு விடாமல் இருப்பது அவருக்குத் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் குமிழிகளுக்கு நடுவே வெள்ளையாக ஏதோ மேலே வந்தது. வர வரப் பெரிதானது. வாய் இறுகக் கட்டிய பாலிதீன் பை. கீழே அண்டாவுக்குள் இருந்து காற்றை நிரப்பி அவள் விட்டது. ஒன்று அனுப்புகிறேன், பார்த்துக்கொண்டிருங்கள் என்று மட்டும் முன்பே சொல்லியிருந்தாள். பை உப்பி, பளபளவென்று விறைத்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வெடித்தது. சத்தம் பெரிதாக இல்லை. கிழிந்த பை மிதந்து கிணற்றுச் சுவரில் ஒட்டிக்கொண்டது.

பம்பு ஓடிக்கொண்டிருந்தது.

அவள் மேலே வந்து, அண்டாவைத் தூக்கியதும், ஜன்னலின் இடது மூலையில் நீர் கசிகிறது, ஒரு போல்ட்டை இறுக்கவேண்டும் என்றாள். பிறகுதான் கணவனின் முகத்தைப் பார்த்தாள். அவர் குச்சியால் சுவரிலிருந்து அந்தப் பையை எடுத்துக் கையில் வைத்திருந்தார்.

"இது எத்தனை அடியில கட்டுனது?"

"வால்வுக்குப் பக்கத்துலீங்க."

அவர் பையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். ஸ்பேனரை எடுத்து அந்தப் போல்ட்டைத் தானே இறுக்கினார்.

"மறந்து மூச்சைப் புடிச்சுட்டன்னா?"

அவர் அப்படிக் கேட்பார் என்று அவள் நினைத்திருக்கவில்லை. ஆனால் பதிலை யோசித்து வைத்திருந்தாள்.

"பேசிட்டே வாங்க. வாய் தொறந்து பேசறவன் மூச்சைப் புடிக்க முடியாது."

"என்னத்தைப் பேசறது?"

"என்னமோ பேசுங்க. நிறுத்தாதீங்க."

வீட்டில் நாளுக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசாதவர் அவர். சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் படியில் இறங்கினார். தோள் வளைவு அவருக்குக் கச்சிதமாக உட்கார்ந்தது. அவருக்குத்தானே அளந்தது. சுவரைப் பார்த்தபடி இறங்கியதால், புள்ளி புள்ளியாக இருந்த யோகப்பிரியாவின் பெயர் அவள் பக்கம் திரும்பியிருந்தது. முதலில் அது மூழ்கியது.

பம்பில் அவளும் ஆறுமுகசாமியும் நின்றார்கள். அவர் கீழே வால்வின் அடியில் படிந்த சேற்றை வழித்தார். ஒரே முழுக்கில் எல்லாப் போல்ட்டையும் கழற்றி மாட்டினார். பலமுறை போய் வரவேண்டிய வேலை. அதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. அவர் இடுப்புக் கயிறு இரண்டு முறை அசைந்தது. வருகிறார் என்று அர்த்தம். இப்போது அவர் வாய் திறந்திருக்கிறதா என்று மேலேயிருந்து யாராலும் சொல்ல முடியாது. பம்பு கொடுக்கிற காற்றும் அவர் விடுகிற மூச்சும் ஒரே குமிழியாகத்தான் வரும். அவளால் செய்ய முடிந்தது பம்பை நிறுத்தாமல் அழுத்துவது மட்டும்தான். அதைச் செய்தாள்.

கறுப்பு பச்சையானது. அண்டாவின் அடிப்பாகம் தண்ணீரைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. உள்ளேயிருந்து பெருங்குடத்துக்குள் பேசுகிற மாதிரி ஒரு குரல் கேட்டது. முதலில் சொற்கள் புரியவில்லை. தோள் தெரிந்ததும் தெளிவானது.

"...அந்தக் கேட்டுக்குக் கொண்டி வெச்சுத் தர்றன்னு சொல்லி ரெண்டு மாசமாச்சு, ஊரானுக்கெல்லாஞ் செஞ்சு குடுக்கறா, என்ற ஊட்டு கேட்டு கயித்துல கட்டிக் கெடக்குது, கேட்டா நேரமில்லீங்கறா, அண்டாவை வெட்டறதுக்கு மட்டும் நேரமிருக்குது..."

ஆறுமுகசாமி பம்பை விட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே செயினை இழுக்கப் போனார். அவள் விடவில்லை. செயின் பிளாக் இறுகி, அண்டா அவர் தலையிலிருந்து மேலே எழும்வரை தனியாக அழுத்திக்கொண்டிருந்தாள். அண்டா எழுந்த பிறகும் அவர் பேச்சை நிறுத்தவில்லை. கேட்டைப் பற்றிய புகாரை முடித்துவிட்டு மச்சானைப் பற்றிய புகாருக்கு வந்திருந்தார்.