மதாம்மாவுக்குப் போட்ட இலை

மாமிசம் சாப்பிடாமலிருக்க ஒரு சங்கம் வேண்டுமா என்று நான் சிரித்திருக்கிறேன். ஸ்ரீவராகத்து அக்கிரகாரத்தில் பிறந்த எனக்கு, அது மூச்சு விடுவதற்குச் சங்கம் வைத்தது போல இருந்தது.

நான் ஆசிரியையாக இருந்த பள்ளியின் தலைமையாசிரியை இங்கிலாந்துக்காரர். அவருடைய தாத்தா, ஒரு சிறிய தேவாலயத்தில் எழுந்து நின்று இனி இறைச்சி தொடுவதில்லை என்று உறுதி சொன்னவர்களில் ஒருவராம். பிறகு சங்கம் வந்தது, பத்திரிகை வந்தது, நகரங்களில் மரக்கறிச் சாப்பாட்டுக் கடைகள் வந்தன. பாலும் முட்டையும் சேர்க்கலாமா என்று அவர்களுக்குள்ளேயே சண்டையும் வந்தது. இவர் இளம்வயதில் தெருமுனையில் நோட்டீஸ் கொடுத்தபோது இறைச்சிக்கடைக்காரர் ஒருவர் எலும்பை விட்டெறிந்தாராம். இங்கேயும் வெள்ளைக்காரர்களின் விருந்துகளில் அவர் கேலிப்பொருள்தான்.

"உங்கள் வீட்டில் எல்லாரோடும் உட்கார்ந்து ஒரு நாள் சாப்பிட வேண்டும்" என்று என்னிடம் கேட்டார்.

அம்மா சமையலில் குறை வைக்கவில்லை. இலையைத்தான் வாசல் தாழ்வாரத்தில் தனியாகப் போட்டாள். நாங்கள் நின்று பரிமாறினோம். அவர் அவியலை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அவர் போனதும் நான் இலையை எடுத்தேன். "குளிச்சுட்டு உள்ளே வா, கேட்டியா" என்றாள் அம்மா. குளித்தேன். மறந்துவிட்டுப் போன குடைக்காக அவர் திரும்பி வந்தபோது என் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இருபது வருஷம் இந்த ஊரில் இருந்தவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சாப்பாட்டுக்கு மறுபடி நன்றி சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பேச்சை எடுக்கவேயில்லை.

யுத்தம் வந்து, அவருக்குக் கப்பல் தபாலில் வந்துகொண்டிருந்த சங்கப் பத்திரிகை நின்றது. அவரும் படுத்த படுக்கையானார். டாக்டர் சொன்ன இறைச்சி சூப்பை மறுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டு, விடிந்ததும் கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு ஓடினேன். அவருடைய சமையற்காரி விழிஞ்ஞத்துக்காரி, தன் வீட்டில் மீன் இல்லாமல் சோற்றைத் தொடாதவள். அவள் கஞ்சியை இரண்டு கிண்ணத்தில் ஊற்றினாள்.

"மதாம்மா ஒத்தைக்கு உண்ணாது அம்மா. நானும் கூட இருக்கணும்."

அவர் என்னைப் பார்த்து, "நீயும் கொஞ்சம் சாப்பிடேன்" என்றார்.

"சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்" என்றேன், வாய் கூசாமல். பசி காதை அடைத்துக்கொண்டிருந்தது.

அவர் தலையசைத்தார். அவர்கள் இருவரும் கஞ்சி குடித்தார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார். நினைத்தால் இன்றும் வெட்கத்தில் அழுகை வருகிறது. அன்று கஞ்சிப் பாத்திரத்தோடு வீட்டுக்குத் திரும்பியபோது அம்மா என்னைக் குளிக்கச் சொல்லவில்லை. நானாகவே கிணற்றடிக்குப் போய்க் குளித்தேன்.