உப்பள லாரிக்கு நாலு பிளக்

பி.எஸ்சி. முடித்த திமிரோடு வாலிநோக்கம் உப்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். மழை தொடங்கியதும் ஆட்களெல்லாம் ஊருக்குப் போய்விட்டார்கள். காவலுக்கு நானும் பெட்ரோலில் ஓடும் ஒரு பழைய லாரியும்தான் மிச்சம். வாயைத் திறந்து பேசியே நாலைந்து நாளாகியிருக்கும். லாரி கிளம்பாத நாள்தான் எனக்குத் திருவிழா. எஞ்சினின் நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறிவிடுவேன்.

அங்கே உதிரிபாகக் கடை வைத்திருந்தவனுக்கும் என் வயதுதான். மூன்றாவது வாரமாக என்னைக் கண்டதும் சிரித்தான்.

"ஏலே காலேஜு, பிளக்க லாரிக்குப் போடுறியா, அவிச்சுத் திங்கிறியா?"

"ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது மாப்ள."

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "பிளக்கு புதுசாத்தான இருக்கு. உப்புக் காத்துல, பிளக்குக்குக் கரண்டு பிரிச்சு விடுற டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ள ஈரம் எறங்கியிருக்கும். மூடிய மாத்தி, மேல சைக்கிள் டியூப்ப வெட்டி மாட்டிவிடு. ஒரு வருசத்துக்கு நீ இந்தப் பக்கமே வர வேண்டாம்."

புது மூடியை எடுத்து மேசைமேல் வைத்தான். நல்லதுக்குத்தான் சொன்னான். ஆனால் நான் பிசிக்ஸ் படித்தவன். பழைய மூடியில் கீறல் இருப்பதை முதல் வாரமே பார்த்துவிட்டேன்.

"மூடி இருக்கட்டும். பிளக்கே குடு."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். பிறகு மூடியை அலமாரியில் வைத்துவிட்டு, ஸ்டூலை என் பக்கம் தள்ளினான்.

"உக்காரு. டீ சொல்றேன்."

நாலு பிளக்குக்கும் முனை இடைவெளி அளந்து சரிசெய்வது பத்து நிமிட வேலை; அவன் எடுத்துக்கொண்ட நேரத்தில் இரண்டு பஸ் போய்விட்டது.