வயிற்றில் பூச்சி இருந்த பிள்ளை

சில வருடங்களுக்கு முன்பு, நாங்கள் முடிச்சூருக்குக் குடிவந்த புதிது. என் மகள் மூன்றாம் வகுப்பு. மேற்குத் தாம்பரத்தில் இருந்த பள்ளிக்குத் தெருப் பிள்ளைகளோடு ஆட்டோவில் போய் வருவாள்.

அந்த வருடம் அவள் இளைத்துக்கொண்டே வந்தாள். சாப்பாடு நன்றாகத்தான் இறங்கும். உடம்பில் மட்டும் ஒட்டாது. முகம் வெளுத்துவிட்டது. வகுப்பில் தூங்கி விழுகிறாள் என்றார் டீச்சர். தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்று அவள் சொல்லும்போதெல்லாம், பள்ளிக்கு மட்டம் போடப் பார்க்கிறாள் என்பார் என் கணவர். நான் திருஷ்டி சுற்றிப் போட்டேன்.

ஒரு திங்கள்கிழமை காலை, ஆட்டோ கிளம்பும் நேரத்தில் வாந்தி எடுத்துவிட்டாள். பக்கத்தில் இருந்த சிறுமியின் யூனிபார்ம் முழுக்க. அதில் வெள்ளையாக, நீளமாக ஒரு புழு நெளிந்தது. பிள்ளைகள் அலறிக்கொண்டு இறங்கி ஓடினார்கள். "கொஞ்ச நாளைக்கு உங்க பொண்ணைத் தனியா அனுப்புங்க" என்றார் ஒரு அம்மா, என் முகத்தைப் பார்க்காமல்.

அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். டாக்டர் அவள் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

"ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கும்மா. சாப்பிடுற சத்து உடம்புல சேர விடாம பூச்சி பண்ணிடுச்சு."

வீட்டில் எல்லாருக்குமே பூச்சி மாத்திரை எழுதினார். அவளுக்கு இரும்புச்சத்து டானிக். முட்டை, கீரை கொடுங்கள், சோப்பு போட்டுக் கை கழுவட்டும், செருப்பில்லாமல் வெளியே விடாதீர்கள் என்றார்.

சாயங்காலம் யாரோ கதவைத் தட்டினார்கள். வாந்தி பட்ட சிறுமியின் அம்மா. ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் தையல் வேலை பார்ப்பவர். அதுவரை நாங்கள் பேசியதில்லை. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, யூனிபார்மை நானே துவைத்துத் தருகிறேன் என்று ஆரம்பித்தேன்.

"அத்த வுடுக்கா. பொண்ணு எப்டி கீது?"

என் மகள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இனி பள்ளிக்கே போகமாட்டேன், எல்லாரும் புழு என்று கூப்பிடுவார்கள் என்று மதியத்திலிருந்து ஒரே அழுகை. அவர் பாயில் அவளருகே உட்கார்ந்தார்.

"எங்க வூட்லயும் வந்துச்சு கண்ணு. போன வருசம், என் பொண்ணுக்கு. வெளிய சொல்ல வெக்கப்பட்டு நான்தான் மறைச்சுட்டேன்."

மகள் மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தாள்.

அந்த வாரக் கடைசியில் அவளைக் கெஞ்சிக் கூத்தாடி ஆட்டோவுக்கு அழைத்துப் போனேன். அம்மாக்கள் பேச்சை நிறுத்தினார்கள். அன்று வீட்டுக்கு வந்த அந்தத் தையல்கார அம்மா மட்டும் முன்னால் வந்து என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் பொண்ணுக்கும் இதே பூச்சிதான் இருந்துச்சு. மாத்திரை குடுத்தேன், சரியாப் போச்சு. உங்க புள்ளைங்க வயித்துல இன்னா கீதுன்னு யாருக்குத் தெரியும்? ஸ்கூல்ல மாத்திரை குடுத்தா வேணாம்னு சொல்லாதீங்க."

ஆட்டோவுக்குள் இருந்த அவர் மகள் கூசிப்போய்த் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனாலும் நகர்ந்து உட்கார்ந்து, என் மகளுக்கு இடம் விட்டாள். பிறகு, தனியாக அனுப்பச் சொன்ன அதே அம்மா என்னிடம் வந்து, "வயித்து வலின்னு என் பையனும்தான் சொல்லிட்டே இருக்கான். எங்க காட்டுனீங்க?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

மகள் தேறிவிட்டாள், கன்னத்தில் சதை பிடித்துவிட்டது. இப்போதும் யாராவது தன் பிள்ளையின் உடம்பைப் பற்றிச் சொல்லத் தயங்கினால் எங்கள் வீட்டில் நடந்ததை நான் முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். எங்களுக்காகத் தன் வெட்கத்தைத் தெருவில் போட்டு உடைத்தவருக்கு வேறு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.